அளவுமாதிரிப் போர் வானூர்தி

அளவுமாதிரிப் போர் வானூர்தி என்பது, உண்மையான போர் வானூர்தி ஒன்றின் வடிவத்தைக் குறித்ததொரு விகிதத்தில் சுருக்கி, நெகிழி, மரம், தாள் முதலிய பொருட்களால் செய்து, அந்த வானூர்தி பயன்பாட்டில் இருந்த காலத்து வண்ணங்களையும் அடையாளக் குறிகளையும் இட்டு உருவாக்கப்படும் மாதிரி ஆகும். பொதுவாக இவை பறப்பதற்காகச் செய்யப்படுவதில்லை. பார்ப்பதற்கும், கற்பதற்கும், ஆவணப்படுத்துவதற்கும் செய்யப்படுகின்றன. இதனை உருவாக்கும் கலை ஒரு பொழுதுபோக்காக உலகின் பல நாடுகளில் பரவியுள்ளது. இந்தியாவில் தேசிய மாணவர் படையின் வான்பிரிவு மூலமாக மாணவர்களிடையே இக்கலை அறிமுகமாகியுள்ளது.

வானூர்தி பழைய இரும்பாக உடைக்கப்பட்ட பின்னரும் அதன் வடிவம், நிறம், குறியீடு ஆகியவை பற்றிய அறிவு எஞ்சியிருக்க வேண்டும் என்பதே இத்துறையில் ஈடுபடுவோர் பலரின் நோக்கம். ஆகவே, ஒரு மாதிரி அழகாக இருக்கிறதா என்பதைவிட, அது சரியாக இருக்கிறதா என்ற கேள்வியே இங்கு முதன்மை பெறுகின்றது.

வகைகள்

செய்யப்படும் பொருளையும் நோக்கத்தையும் பொறுத்து மாதிரி வானூர்திகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

- நெகிழித் தொகுதி மாதிரி: தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட பாகங்களை வாங்கி ஒட்டுவது. இத்தொகுதி பேச்சுவழக்கில் கிட் எனப்படுகின்றது.
- கைவினை மாதிரி: வரைபடத்தை மட்டும் கொண்டு மரம், அட்டை, நுரைப்பலகை ஆகியவற்றிலிருந்து முழுமையாகக் கையால் செய்வது.
- தாள் மாதிரி: அச்சிட்ட தாளை வெட்டி மடித்து ஒட்டுவது.
- பறக்கும் மாதிரி: பால்சா மரம், நுரை ஆகியவற்றால் செய்து, கம்பிக் கட்டுப்பாடு அல்லது வானொலிக் கட்டுப்பாடு மூலம் பறக்கவிடுவது. இவ்வகையில் எடையும் காற்றியக்கமும் முதன்மையாதலால் நுண்விவரங்கள் விட்டுக்கொடுக்கப்படுவதுண்டு.
- ஆய்வு மாதிரி: காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிப்பதற்காகப் பொறியாளர்கள் செய்வது.

இக்கட்டுரை முதல் இரண்டு வகைகளைப் பற்றியே பெரிதும் கூறுகின்றது.

வரலாறு

உலகில்

1930களில் பிரித்தானியாவில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் மரத்தாலான மாதிரித் தொகுதிகள் விற்கப்பட்டன. ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் வடிவமைத்த இவை 1/72 என்ற விகிதத்தைப் பரவலாக்கின. 1936இல் ஃபிராக் நிறுவனம் பெங்குவின் என்ற வரிசையில் செல்லுலோசு அசிட்டேட்டால் ஆன தொகுதிகளை வெளியிட்டது. நெகிழியால் ஆன வானூர்தித் தொகுதிகளில் இவையே முன்னோடிகள்.

இரண்டாம் உலகப் போரின்போது மாதிரி செய்தல் விளையாட்டு என்ற நிலையைக் கடந்தது. தொலைவில் தெரியும் வானூர்தி நம்முடையதா, எதிரியினுடையதா என்று சில நொடிகளில் இனங்காண வேண்டிய தேவை ஏற்பட்டது. 1942இல் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை, நாட்டின் பள்ளி மாணவர்களிடம் 5,00,000 மாதிரிகளை மரத்தில் செய்து தருமாறு கேட்டது. அவை 1/72 விகிதத்தில் செய்யப்பட்டு, நிழலுருவம் மட்டும் தெரியும்படி கறுப்பு வண்ணம் பூசப்பட்டன. 72 அடி தொலைவில் வைத்துப் பார்க்கப்படும் இத்தகைய மாதிரி, ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் உள்ள உண்மையான வானூர்தியின் தோற்ற அளவைத் தரும் (72 × 72 = 5184 அடி; ஒரு மைல் 5280 அடி).

போருக்குப் பின்னர்ப் பாலிஸ்டைரீன் என்னும் நெகிழி பரவலாகக் கிடைத்தது. 1939இல் நிக்கோலஸ் கோவ் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், 1953இல் ஸ்பிட்ஃபயர் வானூர்தியின் தொகுதியை வெளியிட்டது. பின்னர் அமெரிக்காவின் ரெவெல், மோனோகிராம், சப்பானின் தமியா, ஹசேகவா முதலிய நிறுவனங்கள் இத்துறையில் புகழ்பெற்றன. 1960களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் பன்னாட்டு நெகிழி மாதிரியாளர் சங்கம் தோன்றியது. இதன் கிளைகள் இன்று பல நாடுகளில் இயங்குகின்றன.

இந்தியாவில்

தேசிய மாணவர் படை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்டது. அதன் வான்பிரிவு 1950இல் தொடங்கப்பட்டது. வான்பிரிவு மாணவர்களின் பயிற்சியில் மாதிரி வானூர்தி செய்தலும் ஒரு பாடமாகும். நிலை மாதிரிகளும் பறக்கும் மாதிரிகளும் இதில் இடம்பெறுகின்றன.

இந்திய வானூர்தி வடிவமைப்பு வரலாற்றிலும் மாதிரிகளுக்கு இடமுண்டு. செருமானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் இந்துஸ்தான் வானூர்தி நிறுவனத்தில் எச்.எஃப்-24 மாருத் போர் வானூர்தி வடிவமைக்கப்பட்டபோது, அதன் வடிவத்தை ஒத்த எக்ஸ்-241 என்ற மரத்தாலான மிதவை வானூர்தி முதலில் கட்டப்பட்டு 1959இல் பறக்கவிடப்பட்டது. இது முழு அளவில், அதாவது 1/1 விகிதத்தில் அமைந்த மாதிரி எனலாம். மாருத் 1961 சூன் 17 அன்று முதன்முதலில் பறந்தது.

சென்னைக் குரோம்பேட்டையில் உள்ள சென்னை தொழில்நுட்ப நிறுவனத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த, பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு வானூர்திகளே தம்மை வானூர்திப் பொறியியலை நோக்கி ஈர்த்தன என்று இராமேசுவரத்தைச் சேர்ந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் தமது தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். உண்மையான வானூர்தியை அருகில் பார்க்கும் வாய்ப்பு எல்லா ஊர் மாணவர்களுக்கும் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது மாதிரியே.

அளவுவிகிதம்

மாதிரியின் ஒரு அலகு நீளம், உண்மைப் பொருளின் எத்தனை அலகைக் குறிக்கின்றது என்பதே அளவுவிகிதம். 1/72 என்றால், மாதிரியில் 1 மி.மீ. என்பது உண்மையில் 72 மி.மீ. ஆகும். ஆறடி உயர மனிதர் ஓர் அங்குல உயரப் பொம்மையாக அமையும் என்பதால், அடி, அங்குல அளவைகள் வழங்கிய நாடுகளில் இவ்விகிதம் எளிதாக ஏற்கப்பட்டது. 1/48 விகிதத்தில் கால் அங்குலம் ஓரடியைக் குறிக்கும். இவை தவிர 1/32, 1/144 ஆகியனவும் வழக்கில் உள்ளன.

இந்தியாவோடும் இலங்கையோடும் தொடர்புடைய சில வானூர்திகளின் அளவுகள் பின்வருமாறு (மாதிரி அளவுகள் கணக்கிடப்பட்டவை, நீளம், இறக்கை அகலம் என்ற வரிசையில்):

- நாட் (ஒற்றை இருக்கை): உண்மையில் 8.74 மீ., 6.73 மீ. 1/72இல் 121 மி.மீ., 93 மி.மீ. 1/48இல் 182 மி.மீ., 140 மி.மீ.
- தேஜஸ்: உண்மையில் 13.2 மீ., 8.2 மீ. 1/72இல் 183 மி.மீ., 114 மி.மீ. 1/48இல் 275 மி.மீ., 171 மி.மீ.
- சு-30எம்.கே.ஐ.: உண்மையில் 21.9 மீ., 14.7 மீ. 1/72இல் 304 மி.மீ., 204 மி.மீ. 1/48இல் 456 மி.மீ., 306 மி.மீ.
- கேட்டலினா கடல் வானூர்தி: உண்மையில் 19.5 மீ., 31.7 மீ. 1/72இல் 271 மி.மீ., 440 மி.மீ. 1/48இல் 406 மி.மீ., 660 மி.மீ.

நீளம் 72இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது மேற்பரப்பு 5184இல் ஒரு பங்காகவும், கன அளவு 3,73,248இல் ஒரு பங்காகவும் சுருங்குகின்றது. வெற்று எடை ஏறத்தாழ 2,175 கி.கி. கொண்ட நாட் வானூர்தி, இதே கணக்கில் சுருங்கினால் 6 கிராமுக்கும் குறைவாகவே இருக்கும்.

எல்லாவற்றையும் இவ்வாறு சுருக்க இயலாது என்பதே மாதிரியாளர் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல். எடுத்துக்காட்டாக, 1/72 மாதிரியில் 0.1 மி.மீ. தடிப்பில் பூசப்படும் வண்ணம், உண்மை வானூர்தியில் 7 மி.மீ. தடித்த பூச்சுக்கு ஒப்பாகும். 0.3 மி.மீ. அகலத்தில் கீறப்படும் தகட்டு இணைப்புக் கோடு, உண்மையில் 2 செ.மீ.க்கும் மேற்பட்ட பிளவு ஆகிவிடும். அத்தகைய பிளவுடன் எந்த வானூர்தியும் பறக்காது. ஆகவே எதைக் காட்டுவது, எதை விடுவது, எதைக் குறிப்பாக மட்டும் உணர்த்துவது என்பதை மாதிரியாளர் தீர்மானிக்க வேண்டியுள்ளது.

பொருட்களும் கருவிகளும்

நெகிழித் தொகுதியில் பாகங்கள் ஒரு சட்டத்தில் இணைந்தவாறு வார்க்கப்பட்டிருக்கும். அவற்றுடன் செய்முறைத் தாளும், டிகால் எனப்படும் நீரில் நனைத்து ஒட்டும் குறிப்படங்களும் இருக்கும். 2010களில் விற்பனைக்கு வந்த ஏர்ஃபிக்ஸ் தொகுதிகள் பல இந்தியாவில் தயாரிக்கப்பட்டவை.

தொகுதி கிடைக்காதவிடத்து உள்ளூர்ப் பொருட்களைக் கொண்டே மாதிரி செய்யலாம். பால்சா மரம், மென்மரம், அட்டை, பலகைகள் எழுதும் கடைகளில் கிடைக்கும் நெகிழி நுரைப்பலகை முதலியன இதற்கு ஏற்றவை. தஞ்சாவூர்ப் பகுதியில் நீர்த்தாவரத்தின் தண்டிலிருந்து எடுக்கப்படும் நெட்டியால் கோயில் முதலியவற்றின் மாதிரிகள் செய்யும் மரபு நெடுங்காலமாக உள்ளது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வெட்டுதல், சீவுதல், அளவு பிசகாது ஒட்டுதல் ஆகிய திறன்கள் இரு கலைகளுக்கும் பொதுவானவை.

தேவைப்படும் அடிப்படைக் கருவிகள்:

- கூரிய கத்தி, பக்கவெட்டு இடுக்கி
- சிறு அரங்கள், 400 முதல் 2000 வரையான எண் கொண்ட உப்புத்தாள்
- சிறு பாகங்களைப் பிடிக்கச் சாவணம் (பொற்கொல்லர் பயன்படுத்துவது)
- பாலிஸ்டைரீனை ஒட்டும் திரவப் பசை, சயனோஅக்ரிலேட்டுப் பசை
- இடைவெளிகளை அடைக்கப் பட்டி
- தூரிகைகள் அல்லது காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ்

பாலிஸ்டைரீனுக்கான திரவப் பசை உண்மையில் பசை அன்று. அது நெகிழியின் மேற்பரப்பைக் கரைத்து, இரு பாகங்களையும் ஒன்றாகப் பற்றவைக்கின்றது. கரைப்பான் ஆவியானதும் இணைப்பு ஒரே பொருளாகிவிடும். இதனால் இப்பசை மரத்தையோ உலோகத்தையோ ஒட்டாது. தெர்மாகோல் நுரையில் இதனை இட்டால் நுரையே கரைந்துவிடும். நுரைக்கு நீரில் கரையும் வெள்ளைப் பசையே ஏற்றது.

செய்முறை

1. தகவல் திரட்டல்: எந்த வானூர்தி, எந்த ஆண்டு, எந்தப் படையணி என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒரே வானூர்தி பத்தாண்டு இடைவெளியில் வேறு வண்ணத்திலும் வேறு கருவிகளுடனும் இருந்திருக்கக்கூடும்.
2. கழுவுதல்: அச்சிலிருந்து எளிதாக விடுபடுவதற்காகப் பூசப்படும் எண்ணெய்ப் பசை பாகங்களில் ஒட்டியிருக்கலாம். இளஞ்சூடான சோப்பு நீரில் கழுவாவிடில் வண்ணம் பிடிக்காது.
3. விமானி அறை: உடற்பகுதியின் இரு பாதிகளையும் மூடுமுன்னரே இருக்கை, கருவிப் பலகை முதலியவற்றுக்கு வண்ணம் பூசிப் பொருத்த வேண்டும்.
4. முன்பக்க எடை: மூக்குச் சக்கரம் கொண்ட வானூர்திகளின் மாதிரிகள் பின்புறம் சாய்ந்து வாலில் உட்கார்ந்துவிடும் இயல்பின. ஆகவே மூக்குப் பகுதிக்குள் எடை வைக்கப்படுகின்றது. மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டு இதற்குப் போதுமானது. ஈயத்தை வெள்ளைப் பசையால் ஒட்டக்கூடாது. நாளடைவில் ஈயம் வேதிமாற்றம் அடைந்து பருத்து, மாதிரியின் உடலைப் பிளந்துவிடும்.
5. இணைத்தல்: உடல், இறக்கை, வால் ஆகியவற்றைப் பொருத்திக் கோணங்களைச் சரிபார்க்க வேண்டும். முன்னிருந்து பார்க்கும்போது இரு இறக்கைகளும் ஒரே சாய்வில் இருப்பது இன்றியமையாதது.
6. பட்டி பார்த்தல்: இணைப்புகளில் பட்டி இட்டு, காய்ந்தபின் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். தேய்ப்பில் அழிந்த தகட்டுக் கோடுகளை மீண்டும் கீற வேண்டும்.
7. வண்ணமும் குறிகளும்: கீழே தனியாக விளக்கப்பட்டுள்ளது.
8. நுண்பாகங்கள்: சக்கரங்கள், வானலைக் கம்பிகள், வேகமறி குழாய் முதலிய எளிதில் உடையும் பாகங்கள் இறுதியில் பொருத்தப்படுகின்றன.

வண்ணம் பூசுதல்

முதலில் பிரைமர் எனப்படும் அடிப்பூச்சு இடப்படுகின்றது. இது வண்ணம் பற்றுவதற்கு உதவுவதோடு, கண்ணுக்குத் தப்பிய கீறல்களையும் இணைப்புகளையும் காட்டிக்கொடுக்கின்றது. அதன்மேல் வெளிர் நிறங்களும் பின்னர் அடர் நிறங்களும் பூசப்படுகின்றன. ஒரு தடித்த பூச்சைவிடப் பல மெல்லிய பூச்சுகளே சிறந்தவை.

உண்மை வானூர்தியின் வண்ணத்தை அப்படியே மாதிரியில் பூசினால் அது கூடுதல் அடர்த்தியாகத் தோன்றும். தொலைவில் உள்ள பொருள்களின் நிறம், இடையிலுள்ள காற்றினால் வெளிறித் தெரிவதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. எனவே பலர் வண்ணத்தில் சிறிது வெள்ளையோ சாம்பலோ கலக்கின்றனர். எவ்வளவு கலப்பது என்பதில் மாதிரியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

டிகால் ஒட்டுமுன் மாதிரியின்மீது பளபளப்பான தெளிபூச்சு ஒன்று இடப்பட வேண்டும். சொரசொரப்பான பரப்பில் டிகாலை ஒட்டினால் அதனடியில் காற்றுக் குமிழ்கள் சிக்கி, வெள்ளிபோல் மின்னும். ஒட்டிக் காய்ந்த பின்னர் மங்கலான தெளிபூச்சினால் முழுப்பரப்பும் ஒரே தன்மைக்குக் கொண்டுவரப்படுகின்றது. தகட்டுக் கோடுகளில் நீர்த்த கரிய வண்ணத்தை ஓடவிட்டுத் துடைப்பதாலும், வெளியேற்றுக் குழாய்களின் அருகே புகைக்கறையைக் காட்டுவதாலும் பயன்பட்ட தோற்றம் கிடைக்கும்.

இந்திய வான்படை அடையாளங்கள்

இந்திய வான்படை 1932 அக்டோபர் 8 அன்று நிறுவப்பட்டது. அதன் வட்டக்குறி காலந்தோறும் மாறியுள்ளதால், மாதிரியின் ஆண்டை முடிவு செய்யாமல் வட்டக்குறியைத் தெரிவு செய்ய இயலாது.

- தொடக்க காலம்: பிரித்தானிய அரச வான்படையின் சிவப்பு, வெள்ளை, நீல வட்டக்குறி.
- இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதி: சப்பானிய வானூர்திகளின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் நேராதிருக்கத் தென்கிழக்காசியப் போர்முனையில் சிவப்பு நீக்கப்பட்டது, அடர்நீலமும் வெளிர்நீலமும் கொண்ட குறி பயன்பட்டது.
- விடுதலையை அடுத்த சில ஆண்டுகள்: அசோகச் சக்கரக் குறி.
- 1950 முதல்: வெளியே காவி, நடுவே வெள்ளை, மையத்தில் பச்சை கொண்ட வட்டக்குறி.

காவி, ஆரஞ்சு நிறங்கள் மறைப்புத்திறன் குறைந்தவை. அடர்பச்சை உருமறைப்பு வண்ணத்தின்மீது நேரடியாகப் பூசினால் அவை பழுப்பாகத் தோன்றும். வட்டக்குறியைத் தூரிகையால் வரைவோர் முதலில் முழுவட்டத்தையும் வெள்ளையால் நிரப்பிய பின்னரே காவியையும் பச்சையையும் இடுதல் வேண்டும்.

எடுத்துக்காட்டு: நாட் வானூர்தி

இந்தியப் போர் வானூர்தியொன்றைச் சரியாக மாதிரியாக்குவதில் உள்ள இடர்களுக்கு நாட் நல்ல எடுத்துக்காட்டாகும். டபிள்யூ. ஈ. டபிள்யூ. பெட்டர் வடிவமைத்த இச்சிறு போர் வானூர்தி 1955 சூலை 18 அன்று பிரித்தானியாவில் முதன்முதலில் பறந்தது. பிரித்தானியா இதனை ஒற்றை இருக்கைப் போர் வானூர்தியாகத் தன் படையில் சேர்க்கவில்லை. ஈரிருக்கைப் பயிற்சி வானூர்தியாக மட்டுமே ஏற்றது. இந்தியாவோ ஒற்றை இருக்கை வகையை வாங்கியதோடு, பெங்களூரில் இந்துஸ்தான் நிறுவனத்தில் உரிமம் பெற்றுக் கட்டவும் செய்தது. 1965ஆம் ஆண்டுப் போருக்குப் பின் இதற்குச் சேபர் கொல்லி என்ற பெயர் ஏற்பட்டது.

1971 டிசம்பர் 14 அன்று சிறிநகர் வானூர்தித் தளத்தைப் பாக்கித்தான் வான்படையின் ஆறு சேபர் வானூர்திகள் தாக்கின. 18ஆம் படையணியைச் சேர்ந்த பறப்பு அதிகாரி நிர்மல் சித் சிங் செக்கோன், ஓடுபாதையில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதே தமது நாட் வானூர்தியில் மேலெழுந்து போரிட்டு உயிர்நீத்தார். இந்திய வான்படையில் பரம் வீர் சக்கரம் பெற்றவர் இவர் ஒருவரே. அதே 18ஆம் படையணி, 2020 மே 27 அன்று கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் தேஜஸ் வானூர்திகளுடன் மீண்டும் செயற்படத் தொடங்கியது.

செக்கோனின் வானூர்தியைச் செய்ய விரும்பும் மாணவர் ஒருவர் கடையில் நாட் என்ற பெயருள்ள தொகுதியை வாங்கினால், பெரும்பாலும் அது பிரித்தானியாவின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு பயன்படுத்திய ஈரிருக்கைப் பயிற்சி வகையாகவே இருக்கும். ஏர்ஃபிக்ஸ் வெளியிட்ட நாட் தொகுதிகள் இவ்வகையினவே. இதன்மீது இந்திய வண்ணத்தைப் பூசினால் மட்டும் போதாது. இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடுகளுள் முதன்மையானவை:

- நீளம்: பயிற்சி வகை 9.68 மீ., போர் வகை 8.74 மீ. 1/72 மாதிரியில் இவ்வேறுபாடு 13 மி.மீ. ஆகும்.
- இறக்கை: பயிற்சி வகையின் இறக்கை அகலம் 7.32 மீ., போர் வகையினது 6.73 மீ. பரப்பும் வடிவமும் வேறு.
- விமானி அறை: பயிற்சி வகையில் ஒன்றன்பின் ஒன்றாக இரு இருக்கைகள், போர் வகையில் ஒன்று.
- படைக்கலம்: போர் வகையில் காற்று உட்புகு வாய்களின் ஓரத்தில் இரு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள், பயிற்சி வகையில் இவை இல்லை.

ஆகவே உடல், இறக்கை, மூடி மூன்றையும் மாற்றியமைக்க வேண்டும். அதைவிடப் போர் வகைக்கெனவே வெளிவந்த தொகுதியைத் தேடுவது எளிது. செக் நாட்டு ஸ்பெஷல் ஹாபி நிறுவனம் 1/72 விகிதத்தில் ஒற்றை இருக்கை நாட்டையும், அதன் இந்திய வளர்ச்சி வடிவமான அஜீத்தையும் வெளியிட்டுள்ளது. தொகுதி சரியாக அமைந்த பின்னரும் வண்ணம் பற்றிய கேள்வி எழும். 1965 போருக்கு முன்னர் நாட் வானூர்திகள் பொதுவாக உலோக வெள்ளி நிறத்தில் இருந்தன. 1971 போரில் அவை உருமறைப்பு வண்ணம் பூண்டிருந்தன. 1971ஆம் ஆண்டு நிகழ்வை வெள்ளி நிற மாதிரியால் காட்டுவது தவறாகும்.

நாட்டின் சக்கரங்களைப் பகுதியளவு இறக்கினால் அவற்றின் மூடிகள் வேகத்தடையாகவும் பயன்பட்டன. எனவே பறக்கும் நிலையில் சக்கரம் சற்றே இறங்கியிருப்பதாக மாதிரியில் காட்டப்பட்டால் அது பிழையன்று.

பிற இந்திய வானூர்திகள்

- மாருத்: 1990ஆம் ஆண்டளவில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டது. மியூனிக் அருகே செருமன் அருங்காட்சியகத்தின் வானூர்திப் பிரிவில் ஒன்று உள்ளது. பெங்களூரிலும் மாருத் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.
- மிக்-21: 1963 முதல் 2025 செப்டம்பர் 26 வரை இந்திய வான்படையில் பணியாற்றியது. 62 ஆண்டுக் காலத்தில் பல வகைகள் பறந்தன. எஃப்.எல். வகையின் முதுகுப் பகுதி மெலிந்தது. பிஸ் வகையினது பருத்தது. ஒன்றின் தொகுதி மற்றொன்றுக்கு உதவாது.
- சு-30எம்.கே.ஐ.: 2020 சனவரியில் தஞ்சாவூரில் இவ்வானூர்திகளுடன் 222ஆம் படையணி தொடங்கப்பட்டது. இதன் முன்புறச் சிறு இறக்கைகள் சீன வகையான சு-30எம்.கே.கே.வில் இல்லை. உருசிய சு-30எஸ்.எம். வகையே வடிவில் நெருங்கியது.
- தேஜஸ்: 2001 சனவரி 4 அன்று முதன்முதலில் பறந்தது. கிடைவால் இல்லாத முக்கோண இறக்கை உடையதாதலால், மரத்தில் கையால் செய்யத் தொடங்குவோருக்கு ஏற்ற எளிய வடிவம்.
- கேட்டலினா: 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலைத் தளத்திலிருந்து சென்ற கனடிய வான்படையின் கேட்டலினா ஒன்று, இலங்கையை நோக்கி வந்த சப்பானியக் கடற்படையைக் கண்டு எச்சரிக்கை அனுப்பியது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. விமானி லியோனார்ட் பிர்ச்சால் சிறைபிடிக்கப்பட்டுப் போருக்குப் பின் மீண்டார். சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியிலும் போர்க்காலத்தில் கடல் வானூர்தித் தளம் இயங்கியது.

தென்கடற்கரைச் சூழல்

செய்முறை நூல்களில் கூறப்படும் காய்வு நேரங்களும் வண்ணக் கலவைகளும் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சூழலுக்கு உரியவை. தாமிரபரணிக் கரையில் அமைந்த ஆழ்வார்திருநகரி போன்ற ஊர்களிலும், தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கடற்கரையிலும் இவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் (அக்டோபர் முதல் டிசம்பர் வரை) காற்றின் ஈரப்பதம் மிகும். அப்போது தின்னர் கலந்த லாக்கர் வகை வண்ணத்தைத் தெளித்தால் பூச்சு வெண்மையாகப் பூத்துப்போகும். கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் படிவதே இதற்குக் காரணம். மழை ஓய்ந்த நண்பகலில் பூசுதல், மெதுவாக ஆவியாகும் தின்னரைப் பயன்படுத்தல் ஆகியன இதனைக் குறைக்கும். ஏர்பிரஷ் அமுக்கியின் குழாயில் நீர்ப்பொறி ஒன்றைப் பொருத்துவதும் தேவை. இல்லாவிடில் அமுக்கத்தில் குளிர்ந்து திரளும் நீர்த்துளிகள் வண்ணத்தோடு சேர்ந்து மாதிரியின்மேல் விழும்.

சூன் முதல் ஆகத்து வரையான மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று இப்பகுதியில் வலுவாக வீசும். கயத்தாறுப் பகுதியில் காற்றாலைகள் நிறுவப்பட்டிருப்பது இக்காற்றின் பொருட்டே. மாதிரியாளருக்கோ இது புழுதிக் காலம். ஈரமான பூச்சின்மீது தூசி படியாதிருக்க, பூசிய உடனே மாதிரியை ஓர் அட்டைப்பெட்டியால் மூடி வைக்கலாம். கோடையில் மாறாக, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் தூரிகை முனையிலேயே காய்ந்துவிடும். அதற்குக் காய்வைத் தாமதிக்கும் திரவத்தைச் சில துளிகள் சேர்க்கலாம்.

கயத்தாறில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுபாதை ஒன்றின் எச்சங்கள் உள்ளன. போர் வானூர்தி என்பது தொலைவில் உள்ள பொருள் அன்று, இம்மாவட்டத்தின் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு என்பதை அது நினைவூட்டுகின்றது.

பாதுகாப்பு

- திரவப் பசை, தின்னர், லாக்கர் ஆகியவற்றின் ஆவி நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும், எளிதில் தீப்பற்றும். சன்னல்கள் திறந்த இடத்தில், அடுப்பு, விளக்கு ஆகியவற்றிலிருந்து விலகியிருந்து பயன்படுத்த வேண்டும்.
- வண்ணம் தெளிக்கும்போது துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. கரிமவடிகட்டி உள்ள முகமூடி தேவை.
- உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தால் நெகிழித் தூள் காற்றில் பறக்காது.
- ஈயத்தைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். சிறுவர் வாயில் வைக்கும் இடத்தில் அதனை விடக்கூடாது.
- கத்தியால் வெட்டும்போது முனை உடலுக்கு எதிர்த்திசையில் செல்ல வேண்டும்.

முக்கியத்துவமும் விமரிசனமும்

போர்க்கருவிகளை மாதிரியாகச் செய்வது போரைப் பெருமைப்படுத்துவதாகும் என்ற விமரிசனம் உண்டு. மாதிரியாளர்கள் இதற்கு இருவகையாக விடை கூறுகின்றனர். ஒன்று, வானூர்தியின் பின்னே அதை ஓட்டியவரும், பழுதுபார்த்தவரும், அதனால் தாக்கப்பட்டவரும் உள்ளனர்; சரியாகச் செய்யப்பட்ட மாதிரி அவர்களைப் பற்றிய கேள்விகளை எழுப்புகின்றது. மற்றொன்று, மாதிரி செய்வதற்காகத் திரட்டப்படும் ஒளிப்படங்களும் அளவுகளும் வண்ணக் குறிப்புகளும் வரலாற்று ஆவணங்களாக நிலைக்கின்றன.

இந்தியாவைப் பொறுத்தவரை இரண்டாவது காரணம் சிறப்பாகப் பொருந்துகின்றது. மாருத் 147 மட்டுமே கட்டப்பட்டது. அவற்றுள் மிகச்சிலவே இன்று எஞ்சியுள்ளன. திறந்தவெளியில் காட்சிக்கு வைக்கப்படும் வானூர்திகளுக்கு அவ்வப்போது புதுவண்ணம் பூசப்படுவதால், அவை பறந்த காலத்து நிறத்தை அவற்றைப் பார்த்து அறிய இயலாது. பணியாற்றியவர்களின் நினைவும் அவர்கள் எடுத்த ஒளிப்படங்களும் இருக்கும்போதே இவற்றைக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். 121 மி.மீ. நீளமுள்ள ஒரு நாட் மாதிரி சரியாக அமைய வேண்டுமெனில், அதற்கு முன் அவ்வளவு தகவல்களும் யாரேனும் ஒருவரால் சேகரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- இந்திய வான்படை
- எச்.எஃப்-24 மாருத்
- நிர்மல் சித் சிங் செக்கோன்
- தேசிய மாணவர் படை
- பாலிஸ்டைரீன்
- நெட்டி வேலைப்பாடு